பதினொன்று புள்ளி எட்டு

வண்டிக்குக் கண் வைத்தவன் சுந்தரமகாலிங்கம்.
மூளை எழுதியவள் பெனாசிர்.
எனக்கு வந்தது கரண்டு.
கரண்டு என்றால்
எல்லாம் ஓடும்போது யார் நினைவிலும் இல்லாதவள்,
நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறவள்.

நாகமலைக்கு மேற்கே வற்றிய கண்மாய்.
சுண்ணாம்புக் கோடு, ஆரஞ்சுக் கூம்பு.
ஆளில்லாமல் ஓட வேண்டிய வண்டிகளுக்காக
ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்தோம்.

நில அளவைக் கம்பெனி கழித்துப்போட்ட லேப்டாப் எங்களுடையது.
ரப்பர் மூலை, இரும்புக் கைப்பிடி.
தண்ணீர் ஊற்றினாலும் சாகாது,
ஆளுயரத்திலிருந்து விழுந்தாலும் சாகாது.
பதினொன்று புள்ளி எட்டு வோல்ட்டுக்குக் கீழே போனால்
ஒரே ஒரு விக்கல்,
போய்விடும்.
அதன் சொந்த பேட்டரி உப்பிப்போய்
ஹாஸ்டல் மொட்டை மாடியில் மணல் வாளிக்குள் கிடக்கிறது.

ஆகவே ஓர் ஆட்டோ பேட்டரி,
வோல்ட் ஏற்றித் தரும் சின்னப் பெட்டி,
டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசிய சிவப்பு வயர்.
வயர்தான் என் பாவம்.
மெலிசாக வாங்கினேன், நாற்பது ரூபாய் மிச்சம்.
ஸ்டியரிங் மோட்டார் மூச்சுப் பிடித்துத் திரும்பும்போதெல்லாம்
அந்த நாற்பது ரூபாய்
லேப்டாப்பின் தொண்டையை நெரித்தது.
வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு தடவை.
"கரண்டு!" என்று கத்துவார்கள்.
வீட்டில் வைத்த பேர் ஒச்சம்மாள்.
அதற்கு இது பரவாயில்லை என்று
முதல் வருஷம் நினைத்திருந்தேன்.

பம்புசெட் கொட்டகைக்கு மும்முனை
ராத்திரி பதினொன்றரைக்கு வரும் என்றார்கள்.
ஒன்றேகாலுக்கு வந்தது.
சார்ஜர் கொசுவாய் முனக
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வயர் மாற்றினேன்,
மைக்செட் தவசி கழற்றிக் கொடுத்த தடித்த வயர்,
முத்தாலம்மன் பொங்கல் சீரியல் விளக்குக்கு உரியது.
"சாமி கோவிச்சுக்காதாண்ணே?"
"பொங்கல் புதன்கிழமைதான். அதுக்குள்ள குடுத்திரு."

சனிக்கிழமை.
முதல் திருப்பம். விக்கவில்லை.
இரண்டாவது.
மூன்றாவது கூம்பு தாண்டி மேடேறும் இடத்தில்
நின்றது.

எல்லாத் தலையும் என் பக்கம்.
ஓடினேன். கோட்டுக்குள் வராதே என்றார் நடுவர்.
கோட்டில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன்.
வண்டி முதுகில் ஒட்டிய மீட்டர்:
பன்னிரண்டு புள்ளி மூன்று.
திரை எரிகிறது. விசிறி சுற்றுகிறது.
கண் கலங்கிவிட்டது எனக்கு, சந்தோஷத்தில்,
வண்டி நின்றதற்கு.

பிறகுதான் மற்றதைப் பார்த்தேன்.
பம்பருக்கு இரண்டு முழத்தில்
ஆட்காட்டிக் குருவி.
இறக்கை இரண்டையும் விரித்து
சாணுக்குக் கொஞ்சம் மேலே உயர்ந்து
வண்டியை ஏசிக்கொண்டிருந்தது.
ஆளில்லாத வண்டிக்கும்
ஆள் காட்டியது.
காலடியில் சரளை நிறத்தில் நான்கு,
சரளை அல்ல.

"சுத்திப் போகச் சொல்லி எழுதலையா?"
"அசையிறது போற வரைக்கும் நிக்கச் சொல்லித்தான் எழுதினேன்,"
நகத்தைக் கடித்தபடி பெனாசிர்.
"ஆடு மாட்ட நெனச்சு எழுதினது. ஆடு போயிரும்."
இது போகவில்லை.

மூன்று நிமிஷம். விசில்.

நின்ற காரணம் என்றொரு கட்டம் படிவத்தில்.
மின்சாரக் கோளாறு என்று
நடுவரே எழுத ஆரம்பித்திருந்தார்.
பேனாவை வாங்கி அதை அடித்தேன்.
சரியான காரணத்தை எழுத
கட்டம் போதவில்லை.

டாடா ஏஸில் ஏற்றித் தார்ப்பாய் கட்டியபோதும்
லேப்டாப் விழித்திருந்தது.
பெனாசிர் விளையாட்டாய்த் தமிழில் எழுதி வைத்த வரி
திரையில் அப்படியே உறைந்திருந்தது:
எதிரே ஏதோ. உயரம் முப்பத்தொரு சென்டிமீட்டர். காத்திருக்கிறேன்.

செக்கானூரணி வரை நான் அதை அணைக்கவில்லை.
தவசியின் வயர் லேசான சூட்டோடு
ஊட்டிக்கொண்டே வந்தது.
புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.